பயிற்சி தசைக்கு மட்டுமில்லை, மூளைக்கும்தான்

ஒரு சின்னச் சோதனையோடு தொடங்குங்கள். ஓடக் கிளம்பும் முன் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்குங்கள், அப்புறம் ஒரு இருபது அடி வேகமாக ஓடி நின்று உடனே மறுபடி எண்ணுங்கள். தசை களைக்க அந்த நேரம் போதாது, ஆனாலும் துடிப்பு எகிறியிருக்கும். தசைக்கு 'ஓடு' என்று சொல்லும்போதே மூளை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது என்று டென்மார்க்கின் உடலியல் ஆய்வாளர்கள் குரோக், லிண்ட்ஹார்ட் இருவரும் 1913-லேயே எழுதினார்கள். கல்லீரல் சர்க்கரையை விடுவதிலும், கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கலப்பதிலும்கூட நரம்புக்கும் அட்ரினலினுக்கும் பங்கு உண்டு.

என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது எலிகளில் செய்த ஆய்வுகள். மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் இருக்கிறது, அதன் ஒரு மூலையில் எஸ்எஃப்-1 என்ற புரதத்தை வைத்து அடையாளம் காணப்படும் நரம்பு செல்கள் இருக்கின்றன. அங்கே அந்தப் புரதம் இல்லாத எலிகளுக்குப் பயிற்சியின் வளர்சிதைமாற்றப் பலன்கள் (உடம்பு சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் விதத்தில் வரும் நன்மைகள்) சரியாகக் கிடைக்கவில்லை என்று 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. பிறகு வந்த சோதனைகளில் ஓட்டம் நின்ற பிறகும் இந்தச் செல்கள் சுறுசுறுப்பாகவே இருந்தன, ஓடி முடித்ததும் அவற்றை அடக்கிவிட்டால் நாள்தோறும் ஓடியும் ஸ்டாமினா ஏறவில்லை. எலியில் பார்த்ததை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாதுதான், ஆனாலும் பயிற்சி என்றால் வியர்வை சிந்தும் அந்த அரை மணி நேரம் மட்டும்தான் என்ற நினைப்பை நான் விட்டுவிட்டேன்.

சரி, நாம் என்ன செய்யலாம்? எனக்கு முதலில் தோன்றுவது, இடைவெளி விடாதீர்கள். ஒரு முறை செய்த பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்வது ஏறக்குறைய ஒன்றிரண்டு நாள்தான் நீடிக்கும், அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் மூச்சிரைக்க ஓடுவதைவிட வாரம் 5 நாள், 30 நிமிடம் வேகமாக நடப்பது மேல். ஒரு நாள் தவறினால் பரவாயில்லை, அடுத்த நாளும் தவறவிடாதீர்கள். வேகத்தைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், பேச முடியணும், பாட முடியக் கூடாது, அவ்வளவுதான்.

அதே வேகம் லேசாகப் படும்போது கொஞ்சம் கூட்டுங்கள். முடிக்கும்போது சட்டென்று நிற்காமல் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து இறங்குங்கள்.

தூக்கத்தை வெட்டி அந்த நேரத்தில் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டபோது அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறனே குறைந்துபோனது, 1999-ல் வெளியான ஆய்வு அது. காலையில் எழவே முடியவில்லை என்றால் பயிற்சியை மாலைக்கு மாற்றுங்கள், தூக்கத்தில் கை வைக்காதீர்கள்.

இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் பேசிவிட்டே தொடங்குங்கள், ஏனென்றால் பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்து, இரவுத் தூக்கத்தில்கூட, சர்க்கரை தாழ்ந்துபோகலாம். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி அவ்வளவாக ஏறாது, அவர்கள் மேலே சொன்ன நாடிக் கணக்கை விட்டுவிட்டு பேச்சை வைத்தே வேகத்தை அளந்துகொள்ளுங்கள்.