மெக்சிகோ மானுடவியல் அருங்காட்சியகம்: முதல்முறை போகிறவர்கள் எங்கே தொடங்குவது?

மெக்சிகோ நகரின் சாபுல்டெபெக் பூங்காவில் 1964இல் திறக்கப்பட்ட தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தை ஒரே நாளில் பார்த்து முடிக்க முடியாது. ஓடி ஓடிப் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. முதல்முறைக்கு மூன்று கூடங்கள் போதும்.

படி 1: திங்கட்கிழமை விடுமுறை, ஞாயிறு கூட்டம். மற்ற நாளில் காலையிலேயே போய்விடுங்கள். ஆடிட்டோரியோ மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

படி 2: உள்ளே பெரிய முற்றம், ஒற்றைத் தூண் தாங்கும் கூரை, அதிலிருந்து கொட்டும் தண்ணீர். காலவரிசைப்படி பார்க்க வலப்பக்கம் தொடங்க வேண்டும். ஆனால் நீங்கள் நேராக முற்றத்தின் கடைசிக்குப் போங்கள். ஆஸ்டெக் மக்களின் மெஷிகா கூடம் அங்கேதான். கால் ஓய்ந்தபிறகு பார்க்கவேண்டிய கூடமல்ல அது.

படி 3: எதிரே சூரியக்கல் என்ற வட்டமான சிற்பக்கல். சுமார் 3.6 மீட்டர் விட்டம், 24 டன் எடை. 1790இல் நகரின் மையச் சதுக்கத்தில் மண்ணுக்கடியில் கிடைத்தது. மொத்தமாகப் பார்த்தால் தலை சுற்றும். நடுவிலிருந்து வெளியே வாருங்கள். நடுமுகத்தின் நாக்கு ஒரு கல்கத்தி. சுற்றிலும் நான்கு சதுரங்கள், ஆஸ்டெக் நம்பிக்கைப்படி இதற்கு முன் அழிந்த நான்கு யுகங்கள்: ஜாகுவார் (அமெரிக்கச் சிறுத்தை), காற்று, நெருப்பு மழை, வெள்ளம். அடுத்த வளையத்தில் ஆஸ்டெக் நாட்காட்டியின் 20 நாட்களுக்கான குறிகள். விளிம்பில் இரண்டு நெருப்புப் பாம்புகள். வால்கள் மேலே, முகங்கள் கீழே எதிரெதிராக. இதற்கு அரை மணி நேரம் கொடுத்தாலும் தகும்.

படி 4: அதே கூடத்தில் ஆஸ்டெக்குகளின் பூமித்தாய் தெய்வமான கோவாட்லிகுயேயின் கற்சிலை. பாம்புகள் பின்னிய பாவாடை, கைகளும் இதயங்களும் கோத்த மாலை. இதுவும் 1790இல் கிடைத்ததுதான். பழைய வழிபாடு திரும்பிவிடுமோ என்ற பயத்தில் அன்றைய ஸ்பானிய ஆட்சியாளர்கள் மறுபடி புதைத்துவிட்டார்கள்! பின்புறமும் போய்ப் பாருங்கள், அங்கேயும் சிற்பம் உண்டு.

படி 5: கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் மாயா கூடம். படியிறங்கினால், பலென்கே என்ற பழைய மாயா நகரத்தின் அரசர் பாகாலுடைய கல்லறையின் மாதிரி வடிவம். அவர் இறந்தது 683இல், கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது 1952இல். அவருடைய பச்சைக்கல் முகமூடி 1985இல் இங்கிருந்தே திருடுபோய், 1989இல் மீட்கப்பட்டது.

படி 6: கடைசியாக, மெக்சிகோ நகருக்கு அருகிலுள்ள பழங்கால நகரான டெயோட்டிவாக்கானின் கூடம். இறகுப்பாம்புக் கோயில் முகப்பின் ஒரு பகுதியை அசல் அளவிலேயே வண்ணம் பூசி எழுப்பியிருக்கிறார்கள். மறுநாள் அந்த ஊருக்கே போவதாக இருந்தால் இதைத் தவறவிடாதீர்கள். அங்கே நிற்கும் சாம்பல்நிறக் கல்லுக்கு எந்த வண்ணம் எங்கே இருந்தது என்று தெரிந்துகொண்டே பார்க்கலாம். படம் எடுக்கலாம், ஃபிளாஷ் மட்டும் கூடாது.