ஸ்டாண்டர்ட் அக்கவுண்டில் இருந்துகொண்டே அட்மின் செட்டிங்ஸை மாற்றுவது எப்படி

விண்டோஸில் அன்றாட வேலைக்கு ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட், கம்ப்யூட்டர் முழுவதையும் பாதிக்கும் மாற்றங்களைச் செய்யும் உரிமையுள்ள அட்மினுக்குத் தனி அக்கவுண்ட் என்று வைத்திருக்கிறீர்களா? அப்படியே வைத்திருங்கள். பாஸ்வேர்ட் கேட்டுத் தொல்லை பண்ணுகிறது என்று பலர் தங்கள் அக்கவுண்டையே நிரந்தரமாக அட்மினாக்கிவிடுகிறார்கள், அது தேவையே இல்லை.

முதலில் அந்த வேலைக்கு அட்மின் வேண்டுமா என்று பாருங்கள். பட்டனில் நீலமும் மஞ்சளுமாகச் சின்னக் கேடயப் படம் இருந்தால் வேண்டும். கடிகார நேரத்தைத் திருத்த அட்மின் வேண்டும், ஆனால் டைம் ஜோனை மாற்ற அட்மின் தேவையில்லை. புரோகிராம் எழுத உதவும் விஎஸ் கோடு மென்பொருளுக்கு யூசர் இன்ஸ்டாலர் என்று தனியாகவே தருகிறார்கள், அது உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அட்மின் வேண்டிய இடத்தில் அக்கவுண்ட் மாறி லாகின் செய்ய வேண்டாம். கேடயப் பட்டனை அழுத்தினால் வரும் பெட்டியில் அட்மினின் பாஸ்வேர்டோ பின் நம்பரோ போட்டால் போதும்.

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அட்மின் பாஸ்வேர்ட் போட்டுத் திறக்கும் ஜன்னல் உங்கள் பெயரில் ஓடுவதில்லை, அந்த அட்மினின் பெயரில் ஓடுகிறது. உதாரணமாக, பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிக்கு 'பாத்' (அந்தப் புரோகிராமை விண்டோஸ் எந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்ற குறிப்பு) சேர்க்க அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் வழியாகப் போய், பாஸ்வேர்ட் கொடுத்து, மேல் பாதியில் இருக்கும் யூசர் வேரியபிள்ஸில் சேர்த்து ஓகே கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், கமாண்ட் அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் ஒன்றும் மாறியிருக்காது. அந்த மேல் பாதியின் தலைப்பைப் பாருங்கள், அட்மின் பெயர் இருக்கும். சரியான வழி, ஸ்டார்ட் மெனுவில் 'எடிட் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் ஃபார் யுவர் அக்கவுண்ட்' என்று தேடித் திறப்பது. பாஸ்வேர்டே கேட்காது. மாற்றிய பிறகு டெர்மினலை மூடிப் புதிதாகத் திறங்கள்.

விண்டோஸின் உள் செட்டிங்ஸைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரிலும் இதே கதைதான். சாதாரணமாகத் திறந்தால் 'கரண்ட் யூசர்' பகுதி உங்களுடையது, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து அட்மின் பாஸ்வேர்டில் திறந்தால் அதே பகுதி அட்மினுடையது. கமாண்ட் பிராம்ப்ட்டில் சந்தேகம் வந்தால் 'ஹூஆம்ஐ' (whoami) கமாண்டைச் சேர்த்து ஒரே சொல்லாக அடித்துப் பாருங்கள், யார் பெயரில் ஓடுகிறது என்று சொல்லிவிடும்.

சில பழைய இன்ஸ்டாலர்கள் உங்கள் பெயரிலேயே அட்மின் உரிமை இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அப்போது மட்டும் அட்மின் அக்கவுண்டில் நுழைந்து, செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய் உங்கள் அக்கவுண்ட் வகையை மாற்றுங்கள். சைன் அவுட் செய்து மறுபடி நுழைந்தால்தான் உரிமை வரும். வேலை முடிந்து பழையபடி மாற்றிய பிறகும் ஒருமுறை சைன் அவுட் செய்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த உரிமை அதுவரை ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ஆபீஸ் லேப்டாப் என்றால் இது எதையும் முயற்சி செய்யாதீர்கள், பூட்டை உடைக்கும் யுஎஸ்பி வித்தைகள் பக்கமே போகாதீர்கள். எந்த செட்டிங், எதற்காக, திரையில் என்ன மெசேஜ் வந்தது என்று எழுதி ஐடி டீமுக்கு ஒரு டிக்கெட் போடுங்கள். அப்புறம் அது அவர்கள் வேலை.