மாரியில் மெலிந்த ஊர்க்கோழிகள்

வன்னியில் மாரி தொடங்கினால் வளவு முழுக்கச் சேறுதான். எங்கள் கோழிகளுக்குப் புழுத் தொல்லை கூடுவதும் அப்போதுதான். தீனியெல்லாம் வழமைபோல் தின்றன. ஆனால் பேட்டுக் கோழியைத் தூக்கினால் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு கையில் குத்தியது. கொண்டை வெளிறிவிட்டது, முட்டையும் குறைந்தது. காலையில் கூட்டுக்குள் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். வெள்ளையாக, விரல் நீளத்தில் ஒரு உருளைப்புழு நெளிந்துகொண்டிருந்தது.

கால்நடை வைத்தியர் பைபரசின் என்ற புழு மருந்து தந்தார். இரவே தண்ணீரை எடுத்துவிட்டு, விடிந்ததும் மருந்து கலந்த தண்ணீரை மட்டும் வைத்தேன். அது வளர்ந்த புழுவைத்தான் வெளியேற்றும், இளம்புழுக்கள் தப்பிவிடும். அதனால் 2, 3 வாரத்தில் மறுபடி கொடுக்க வேண்டும். எச்சத்தில் அரிசிமணி போலத் துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழு. இந்த மருந்துக்குக் கேட்காது. முட்டையை எத்தனை நாள் சாப்பிடக்கூடாது என்பதையும் வைத்தியரிடமே கேட்டுவிடுங்கள்.

பக்கத்து வளவு அக்கா வேப்பிலை அரைத்துக் கொடுக்கச் சொன்னார். சரி, கொடுத்தும் பார்த்தேன். கோழி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

உண்மையான வேலை கூட்டில்தான். எச்சத்தோடு விழும் புழு முட்டை, கூட்டில் பரப்பிய உமி ஈரமாக இருந்தால் அதில் ஒன்றிரண்டு வாரத்திலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். இப்போது நனைந்த உமியை உடனுக்குடன் வழித்து, காய்ந்ததைப் போடுகிறேன். தீனியும் நிலத்தில் எறிவதில்லை, தட்டில்தான்.