'ஸ்டர்' எல்லாம் கிண்டுவது இல்லை

பாளையங்கோட்டையில் வீட்டிலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் ஒரு பையன், "தி ஓல்டு மேன் டிட் நாட் ஸ்டர்" என்பதற்கு "கிழவர் கிண்டவில்லை" என்று எழுதிக் கொண்டுவந்தான். அவன் தாத்தா அல்வா கிண்டுகிறவர். பாவம், அவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

சரி, அல்வாச் சட்டியிலிருந்தே தொடங்குவோம். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து வைத்தால் மாவு அடியில் இறங்கிக் கிடக்கும். அப்படியே அடுப்பில் ஏற்றினால் அடிபிடித்துவிடும். துடுப்பைப் போட்டு, நெய் கக்கிச் சுருண்டு வரும்வரை கை ஓயாமல் கிண்ட வேண்டும். இதுதான் 'ஸ்டர்' என்பதன் நேர்ப்பொருள். காப்பியில் சீனியைக் கலக்குவதும் அதே சொல்தான். நாம்தான் சட்டிக்கு ஒன்று, டம்ளருக்கு ஒன்று வைத்திருக்கிறோம்.

இனி சட்டியை விட்டுவிடுங்கள். 'அடங்கிக் கிடந்தது அசைந்தது' என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வாக்கியத்தைப் பாருங்கள். எதை என்று கேட்டால் பதில் இருக்கிறதா? அல்வாவை, காப்பியை என்று வந்தால் கிண்டுவது, கலக்குவது. பதிலே இல்லையென்றால் ஆள்தான் அசைகிறார். ஆக, கிழவர் அசையவில்லை.

பின்னால் 'அப்' ஒட்டிவந்தால் பெரும்பாலும் வம்பு, இல்லாவிட்டால் பழைய நினைவு. இதற்கு அகராதி வேண்டாம். "சும்மா கெடந்தவள ஏம்ல கிண்டிவிடுத?" என்று நம் வீட்டில் கேட்பது 'ஸ்டர் அப்' அல்லாமல் வேறென்ன? நினைவு என்றால் 'கிளறுவது' என்போம்.

பிள்ளைகள் சறுக்குவது 'ஸ்டர்ரிங் ஸ்பீச்'சில். கிண்டல் பேச்சு என்று எழுதிவிடுவார்கள். அது கேட்டவர் மனதை உலுக்கும் பேச்சு. 1908 மார்ச்சில் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்ததும் திருநெல்வேலியே கொந்தளித்ததே, அவர்கள் பேசியது அந்த வகை. நமக்கு அது 'ஸ்டர்ரிங்'. வெள்ளைக்கார அதிகாரிக்கோ ஜனங்களை 'ஸ்டர் அப்' செய்த குற்றம். பேச்சு ஒன்றுதான், யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து சொல் மாறுகிறது.

'காஸ்டு எ ஸ்டர்' என்று பெயர்ச்சொல்லாக வந்தால் பரபரப்பு. அவ்வளவுதான்.

அப்புறம் அந்தப் பையனை இரண்டு பொருளும் வருகிறமாதிரி ஒரு வாக்கியம் எழுதிவரச் சொன்னேன். "மை கிராண்ட்பாதர் ஸ்டர்ஸ் தி அல்வா அண்ட் டஸ் நாட் ஸ்டர் பிரம் தி ஸ்டவ்" என்று எழுதியிருந்தான். கூடவே பொட்டலத்தில் கால் கிலோ.