பேசாமல் இருந்த பெரியம்மையைக் கதைக்குள் கூட்டி வருவது

சிறுகதை எழுதிப் பார்க்கிறேன் என்று வருகிறவர்கள் பலரும் ஒரு மனக்குறையோடுதான் வருகிறார்கள். அண்ணன் பாகத்தில் ஏமாற்றிவிட்டான், மாமியார் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்பா குடித்தே வீட்டை அழித்தார். எல்லாமே எழுத வேண்டிய சங்கதிகள்தான். ஆனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிக்கொண்டே போனால் அது பஞ்சாயத்தில் வைக்கிற பிராது. படிக்கிறவர் நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். நம்மை நோகடித்த ஆளுக்கு அன்றைக்கு என்ன தேவைப்பட்டது என்று தேட ஆரம்பிக்கும்போதுதான் கதை பிறக்கிறது.

அதற்கு முன்னால் பிராதையும் எழுதித்தான் ஆக வேண்டும். தனி நோட்டு ஒன்று போடுங்கள். திட்டுங்கள், அழுங்கள், எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். அதை யாரும் படிக்கப்போவதில்லை. கொஞ்ச நாள் கழித்து எடுத்து, கையால் தொடக்கூடிய பொருள் வருகிற இடங்களை மட்டும் கோடு போடுங்கள். துரோகம், பாசம், வேதனை மாதிரிச் சொற்களுக்குக் கோடு கிடையாது. சாவி, செருப்பு, பத்திரம், மருந்துச்சீட்டு, கிணற்றுக் கயிறு, இவைதான் வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் முக்கூடல் பக்கத்து ஊர். அம்மாவை அம்மை என்றும் பெரியம்மாவைப் பெரியம்மை என்றும்தான் அங்கே சொல்வோம். பெரியம்மை வீடும் எங்கள் வீடும் ஒரே வளவுக்குள் எதிரெதிராக இருந்தன. ஆச்சி இறந்த பிறகு அவளுடைய பித்தளை அண்டா யாருக்கு என்பதில் அம்மைக்கும் பெரியம்மைக்கும் சண்டை வந்தது. அதோடு பேச்சு நின்றது. இரண்டு பேரும் மடியில் சுளகை, அதாவது முறத்தை வைத்துக்கொண்டு அவரவர் திண்ணையில் பீடி சுற்றுவார்கள். முகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

பீடி வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. வடக்கே காட்டிலிருந்து வருகிற இலையில் ஓட்டையும் பழுதும் கழித்தது போக, சில நாள் ஆயிரம் பீடிக்கு இலை காணாது. எண்ணிக்கை குறைந்தால் இலை கொடுத்த பீடிக் கடையில் பேச்சு வாங்க வேண்டும். அக்கம்பக்கத்தில் கடன் வாங்கித்தான் சரிக்கட்டுவார்கள். அம்மை என்னை எதிர்வீட்டுக்கு அனுப்புவாள். "நான் கேட்டேன்னு சொல்லாத, என்னட்டி?" என்று சொல்லித்தான் அனுப்புவாள். பெரியம்மையும் என்னை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். அளவுத் தகட்டை வைத்து வெட்டிய இலைகளை எண்ணி எடுப்பாள். காய்ந்த இலை சுற்றும்போது ஒடியும். அதனால் தன் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்து, தண்ணீரில் முக்கிப் பிழிந்து, அதில் சுற்றித் தருவாள். மறுநாள் அம்மை அந்தத் துண்டைத் துவைத்து, நாலாக மடித்து, என்னிடமே கொடுத்துவிடுவாள்.

நோட்டில் அண்டாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். கோடு போட உட்கார்ந்தபோது இந்த ஈரத்துணிதான் கண்ணில் நின்றது. சண்டை போட்ட இருவரும் அந்தத் துணி வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். உங்கள் நோட்டிலும் அப்படி ஒன்று கிடக்கும். சண்டைக்குக் காரணமான பொருளைவிட, சண்டைக்கு நடுவிலும் கைமாறிக்கொண்டிருந்த பொருளைத் தேடுங்கள்.

பொருள் கிடைத்தால் காலத்தைச் சுருக்கலாம். வருஷக்கணக்கான கதையைச் சிறுகதைக்குள் திணிக்க வேண்டாம். ஒரு சாயங்காலம் போதும். மறுநாள் பீடி கொண்டுபோக வேண்டும், விளக்கு வைக்கிற நேரம், இலை போதவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குள், பேசாமல் கழிந்த வருஷங்கள் எல்லாம் அரை வாக்கியத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்ததுதான் கஷ்டமான வேலை. எவ்வளவு நேரமானாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். எதிராளியின் வாயிலிருந்து, "நான்" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதுங்கள். பெரியம்மை பேசுவதாக நான் எழுதிய பக்கத்தில், அவளுடைய முதல் பிரசவத்துக்குப் பிறகு ஆச்சி அந்த அண்டாவில் வெந்நீர் வைத்து ஊற்றினாள் என்று வந்தது. அந்தப் பிள்ளை தங்கவில்லை என்றும் வந்தது. இது நடந்ததா என்று என்னிடம் கேட்டால், இல்லை, நான் போட்டதுதான். ஆனால் அதை எழுதிய பிறகு பெரியம்மை ஆசைக்காக அண்டா கேட்டவளாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தைக் கதையில் சேர்க்க வேண்டும் என்று இல்லை. நான் சேர்க்கவில்லை, கதையைச் சிறுமிதான் சொல்கிறாள். ஆனால் துணியைப் பிழிகிற கையை எழுதும்போது அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாபகம் குழம்பினால் வருஷத்தைக் கேட்காதீர்கள், வெள்ளத்தைக் கேளுங்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் "1992 வெள்ளத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்றால் டக்கென்று சொல்லிவிடுவார்கள். இளையவர்களுக்கு 2023 டிசம்பர் வெள்ளம். அதைப் பிடித்துக்கொண்டால் வீட்டில் அப்போது கரண்ட் இருந்ததா, யாருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது என்று ஒவ்வொன்றாக வரும்.

அப்புறம், ஆட்களை மறைப்பது. பேரை மாற்றினால் மட்டும் போதாது. எந்தக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுக்கிற குடும்பம் என்று ஒரு வரி வந்தாலே ஊர் கண்டுபிடித்துவிடும். ஊரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக் குறையுங்கள். பெரியம்மையை அத்தை ஆக்குங்கள். ஆனால் கதை எதன்மேல் நிற்கிறதோ அதைத் தொடாதீர்கள். பீடியைப் பத்தமடைப் பாயாக மாற்றினால் என் கதையில் இலைக் கடன் போய்விடும், அதோடு துணியும் போய்விடும்.

உங்கள் பேரையும் மறைத்துக்கொள்ளலாம். அதில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை. விருத்தாசலம்தான் புதுமைப்பித்தன். திருநெல்வேலிக் கல்யாணசுந்தரம் கவிதைக்குக் கல்யாண்ஜி, கதைக்கு வண்ணதாசன் என்று இரண்டு பேர் வைத்துக்கொண்டு, 2016இல் சிறுகதைத் தொகுப்புக்காகச் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கினார்.

பேச்சை நம் ஊர்ப் பேச்சாகவே எழுதுங்கள். சொல்லிவருகிற நடை சாதாரணமாக இருக்கட்டும். விளங்காத வட்டாரச் சொல்லை வரிக்கு வரி தூவினால் கோயம்புத்தூர்க்காரர் பாதியில் வைத்துவிடுவார். நம் பேச்சில் உறவு எப்படி இருக்கிறது என்பது மரியாதையிலேயே தெரிந்துவிடும். சண்டைக்கு முன்னால் "அக்கா சொன்னாவ" என்று சொன்ன அம்மை, பிறகு "எதுத்த வீட்ல சொன்னாளாம்" என்று மாறினாள். இந்த இரண்டு வாக்கியத்தையும் கதையில் தள்ளித் தள்ளி வைத்தால் போதும். பகை என்ற சொல்லே தேவைப்படாது.

முடிவில் இரண்டு பேரையும் சேர்த்துவைக்க ஆசை வரும். வாழ்க்கையில் சேராதவர்களைக் கதையிலாவது சேர்ப்போமே என்று மனசு கிடந்து அடிக்கும். எனக்கு அது பிடிக்காது. சேர்த்துவைத்தால், அவர்கள் பேசாமல் பட்ட பாடு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். துணி ஒரு தடவை திரும்பிப் போகாமல் இருக்கட்டும், அல்லது காயாமல் போகட்டும். ஏதாவது ஒன்று இம்மி மாறினால் போதும்.

எழுதக் கூடாதவையும் உண்டு. கோர்ட்டில் வழக்கு நடக்கிற சொத்துச் சண்டையை இப்போது எழுத வேண்டாம். பிள்ளைகள் உங்களை நம்பிச் சொன்னதை, அவர்கள் வளர்ந்து சரி என்று சொல்லும் வரைக்கும் எழுதவே வேண்டாம்.

கையெழுத்துப் படியாக இருக்கும்போது சொந்தக்காரர்களிடம் காட்டாதீர்கள். ஆளுக்கொரு வரியை அடிக்கச் சொல்வார்கள், கடைசியில் நீங்களும் அடித்துவிடுவீர்கள். உறவில்லாத, கதை படிக்கிற பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுத்து, "இதில் யார்மேல் உங்களுக்குக் கோபம் வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். நோகடித்தவர் மேல் மட்டும்தான் என்று பதில் வந்தால், அந்த "நான்" பக்கத்தை மறுபடியும் எழுத வேண்டும். அச்சில் வந்த பிறகு, "இது எங்களைப் பத்திதானே?" என்று வீட்டில் யாராவது கேட்டால் மழுப்பாதீர்கள். ஆமாம் என்று சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்து, எது நடந்தது, எது நீங்களாகப் போட்டது என்று வரி வரியாகக் காட்டுங்கள்.