பழைய போனை பைக்குக்கு ஜிபிஎஸ் வழிகாட்டியாக மாற்றுவது எப்படி?

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்த நேரம், சிக்னல் போய்விட்டது. மேப்பில் நீலப் புள்ளி மட்டும் நகர்கிறது, சுற்றிலும் சாம்பல் கட்டம். ஜிபிஎஸ்ஸுக்கு சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம், வரைபடத்துக்குத்தான் நெட் வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நாலின் சிக்னல் கிடைத்தாலே போன் தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

அதனால் முதலில் புதுக் கருவி வாங்க ஓடாதீர்கள். வீட்டில் சும்மா கிடக்கும் ஆண்ட்ராய்டு போனை எடுங்கள். (டேப்லெட் என்றால் கவனம், வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ்ஸே கிடையாது.) ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவச ஆப்பைப் போட்டு மொட்டைமாடிக்குப் போங்கள். நாள்கணக்கில் அணைந்து கிடந்த போன் என்றால் முதல் தடவை சில நிமிடம் பிடிக்கும், பொறுமையாக இருங்கள். வானம் திறந்திருந்தும் கால் மணி நேரத்தில் இடம் காட்டவில்லை என்றால் அந்தப் போன் இதற்கு உதவாது. எல்5 என்ற கூடுதல் ஜிபிஎஸ் அலைவரிசையும் அந்த ஆப்பில் தெரிந்தால் நல்லது, உயரமான கட்டடங்களுக்கு நடுவே புள்ளி அவ்வளவாகத் தாவாது. இல்லாவிட்டாலும் மலைச்சாலைக்குப் பரவாயில்லை.

அடுத்து வரைபடம். கூகுள் மேப்ஸிலும் சேமிக்கலாம், ஆனால் அப்டேட் செய்யாமல் விட்டால் காலாவதியாகிவிடும், நெட் இல்லாமல் நடைவழியும் சொல்லாது. நான் ஆர்கானிக் மேப்ஸ்தான் சொல்வேன், நெட் இல்லாமலே ஓடும் இலவச மேப் ஆப் அது. வீட்டு வைஃபையிலேயே தமிழ்நாடு முழுவதையும் இறக்கிவிடலாம்.

அப்புறம் யாரும் செய்யாத ஒரு வேலை, ஒத்திகை. ஏரோபிளேன் மோடைப் போட்டு, லொகேஷனை மட்டும் ஆன் செய்து, உள்ளூரிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். குறை எல்லாம் இங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாக ஹோல்டரும் சார்ஜரும். பைக் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது, பழைய போனைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். யுஎஸ்பி சார்ஜரை, சாவியை அணைத்தால் கரண்ட் நிற்கும்படி இணைக்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பைக் பேட்டரி இறங்கிவிடும்.

கிளம்பும் முன் பெட்ரோல் பங்க், தங்கும் இடம் எல்லாம் மேப்பில் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் திரும்பி வந்ததும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் (யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம், ஆர்கானிக் மேப்ஸ் எடுத்துக்கொள்வது இதிலிருந்துதான்) சேர்த்துவிடுங்கள், அடுத்து மலையேறி வருபவருக்கு உதவும்.