இடப்பக்கம் ஹீ, வலப்பக்கம் ஹிம்

காட்பாடியில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் 'ஹீ கால்ட் மீ' என்பதை 'மீ ஹீ கால்ட்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். தமிழில் 'என்னை அவன் கூப்பிட்டான்' என்பதை எப்படிப் புரட்டினாலும் 'ஐ' உருபு பொருளைக் காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே முக்கியம். இலக்கணப் பெயர்களை ஓரங்கட்டிவிட்டு, வினையைப் பலகையின் நடுவில் எழுதினேன். 'யார்?' என்பதற்கு விடை இடப்பக்கம்: ஐ, ஹீ, ஷீ, வீ, தே. 'யாரை?' என்றால் வலப்பக்கம்: மீ, ஹிம், ஹெர், அஸ், தெம். யூவும் இட்டும் எங்கே உட்கார்ந்தாலும் மாறாத சாதுக்கள்.

'வந்தேன்' என்பதில் எழுவாய் விகுதியிலேயே ஒளிந்திருப்பதால் ஆங்கிலத்திலும் வெறும் 'கேம்' என்று எழுதிவந்தார்கள்; பலகையைப் பார்த்ததும் அதுவும் நின்றது. கட்டளை வாக்கியம் தவிர இடப்பக்கம் காலியாக இருக்கக்கூடாது.

'ரவி அண்ட் மீ வென்ட் டு ஆம்பூர்' மட்டும் இன்னும் தொல்லை. ரவியை நீக்கிவிட்டு வாசிக்கச் சொல்கிறேன். 'மீ வென்ட்' என்றதும் சிரித்துக்கொண்டே திருத்திவிடுகிறார்கள்.